மோட்டார் சுவிட்சும் குடக் கணக்கும்

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 26. பெயர், நிறுவனம், சிப்பின் மாடல் எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கோடவுன்களில் பார்கோடு ஸ்கேன் செய்யும் கையடக்கக் கருவி ஒன்றை அவர்கள் தயாரிக்கிறார்கள். 4 கோர் ஆர்ம் சிப், 720க்கு 1280 திரை, ஒரு கேமரா. சிப்போடு வந்த பழைய கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) விட்டுவிட்டு, எல்லோருக்கும் பொதுவான மெயின்லைன் லினக்ஸுக்கு மாற்றும் பொறுப்பு இவருடையது. முதல் நாள் பூட் ஆனது, லோகோ வந்தது, சில விநாடிகளில் திரை கறுத்துக் கருவி உறைந்துபோனது. சீரியல் லாக்கில் ஒரு எழுத்துகூட இல்லை. யாரோ சொல்லி, பயன்படாத கிளாக்குகளை (சிப்பின் பகுதிகளை ஓட்டும் துடிப்புகள்) அணைக்காதே என்று சொல்லும் 'கிளாக் இக்னோர் அன்யூஸ்டு' என்ற பூட் ஆப்ஷனைப் போட்டதும் ஓடியது. அதையே நிரந்தரமாக்க, மூன்று பஸ் (சிப்புக்குள் டேட்டா ஓடும் பாதை) கிளாக்குகளுக்கும், அவற்றை இயக்கும் நிரலான டிரைவரில், 'அணைக்கவே கூடாது' என்று சொல்லும் கிரிட்டிகல் ஃபிளாக் போட்டார்.

அடுத்து கேமராவும் திரையும் சேர்ந்து ஓடும்போது திரை நடுங்கியது. அப்போது பஸ் 50 மெகாஹெர்ட்ஸில் இருந்தது. 'கணக்குப் போட்டுப் பார்த்தேன் சார், 50 போதும் என்றுதான் வந்தது. அப்படியும் நடுங்கியதால் கணக்கை நம்பாமல் உச்சமான 400இல் நிறுத்திவிட்டேன்' என்கிறார். நடுக்கம் நின்றது. ஆனால் 10 மணி நேரம் வரவேண்டிய பேட்டரி 6 மணி நேரத்தில் காலி. மதிய வெயிலில் கருவி கையில் சுடுகிறது.

இந்தப் பேட்சை (கோடில் செய்த மாற்றம்) அப்ஸ்ட்ரீமுக்கு, அதாவது பொது லினக்ஸில் சேர்க்கச் சொல்லி, அனுப்பியபோது அந்தப் பகுதியைக் கவனிக்கும் மெயின்டெய்னரிடமிருந்து இரண்டே வரி வந்தது: பஸ் கிளாக்கை டிரைவர்களுக்குக் கிளாக்காகக் காட்டாதீர்கள், இன்டர்கனெக்ட் வழியாகச் செய்யுங்கள். அதையும் செய்து பார்த்தார். பஸ் 400இலேயே நிற்கிறது, ஒரு வித்தியாசமும் இல்லை. மேனேஜரோ, 'ஓடுதுல்ல, அப்படியே அனுப்பிடலாம், பேட்டரியைப் பெரிசா போட்டுக்கலாம்' என்கிறார். கோடு (எழுதிய நிரல்) வெளியே போவதிலும் அவருக்குத் தயக்கம். மெயின்டெய்னருக்கு வாசகி ஐந்து வாரமாகப் பதில் எழுதவில்லை. 'அவமானமாக இருக்கிறது. கிளாக்கைக் கிளாக் என்று சொல்லக்கூடாது என்றால் வேறு என்னவென்று சொல்வது?' என்று முடிக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

லாக் இல்லாமல் உறையும் போர்டைத் தனியாளாகத் திரை வரை கொண்டுவந்திருக்கிறீர்கள். அது சின்ன வேலை இல்லை. நீங்கள் போட்ட அந்த பூட் ஆப்ஷனும் தப்பில்லை. கர்னல் ஆவணமே அதை டீபக் செய்வதற்கும் டெவலப்மென்ட்டுக்கும் என்றுதான் சொல்கிறது. டிரைவர்கள் ஒழுங்காக அமைந்த பிறகு அது தேவைப்படக்கூடாது, அவ்வளவுதான். எனவே அவமானம் என்ற சொல்லைக் கடிதத்தோடு விட்டுவிடுவோம்.

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது கிளாக்தான். இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதன் சுவிட்சை யார் தொடலாம் என்பதில்தான் பிரச்சினை.

மடிப்பாக்கத்தில் எட்டு வீடு உள்ள ஒரு அபார்ட்மென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே சம்ப், மாடியில் டேங்க், நடுவில் ஒரே மோட்டார். எட்டு வீட்டுக்காரர்களும் அவரவர் இஷ்டத்துக்கு மோட்டாரைப் போட்டு நிறுத்தலாம் என்று வைத்தால் என்ன ஆகும்? ஒருவர் தலைக்கு சோப்புப் போட்டிருக்கும்போது இன்னொருவர் அணைத்துவிடுவார். அதற்குப் பயந்து 'மோட்டாரை அணைக்கவே கூடாது' என்று நோட்டீஸ் ஒட்டலாம். உங்கள் கிரிட்டிகல் ஃபிளாக் அந்த நோட்டீஸ்தான். தண்ணீர் வரும், கரண்ட் பில்லும் வரும். உருப்படியான ஏற்பாடு வேறு: ஒவ்வொரு வீடும் தனக்கு எத்தனை குடம் வேண்டும் என்று வாட்ச்மேனிடம் சொல்ல வேண்டும். அவர் கூட்டிப் பார்த்து மோட்டாரை ஓட்டட்டும்.

லினக்ஸில் அந்த வாட்ச்மேன்தான் இன்டர்கனெக்ட் ஃபிரேம்வொர்க். டிரைவர் மெகாஹெர்ட்ஸ் பேசாது. 'எனக்கும் மெமரிக்கும் நடுவே விநாடிக்குச் சராசரியாக இவ்வளவு கிலோபைட், உச்சமாக இவ்வளவு' என்று மட்டும் சொல்லும். நடுவில் எத்தனை பஸ் இருக்கிறது, ஒவ்வொன்றின் அகலம் என்ன, எந்த வேகத்தில் ஓட்டினால் போதும் என்பதெல்லாம் அந்தச் சிப்புக்கான புரொவைடர் டிரைவரின் தலைவலி.

'கிளாக் ஃபிரேம்வொர்க்கிலும் குறைந்தபட்ச வேகம் கேட்கலாமே, அது போதாதா' என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். ஒரே கிளாக்கை இருவர் சும்மா ரேட் செட் செய்தால் கடைசியாகக் கேட்டவர் சொன்னதே நடக்கும். குறைந்தபட்சம் என்று கேட்டால் கொஞ்சம் தேவலை, இரண்டில் பெரியது நிற்கும். ஆனால் பஸ் விஷயத்தில் வேண்டியது பெரியது இல்லை, கூட்டுத்தொகை. திரைக்கு 200 மெகாபைட், கேமராவுக்கு 200 மெகாபைட் என்றால் ரோட்டில் 400 ஓட வேண்டும். கிளாக் ஃபிரேம்வொர்க்குக்கு இந்தக் கூட்டல் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. இன்டர்கனெக்டின் வழக்கமான கணக்கில் சராசரிகள் கூட்டப்படும், உச்சங்களில் பெரியது எடுக்கப்படும். எல்லோருடைய உச்சமும் ஒரே நொடியில் வராது என்ற நம்பிக்கையில் அப்படி.

காலக் கணக்கையும் பாருங்கள். பொதுக் கிளாக் ஃபிரேம்வொர்க் 2012இல் லினக்ஸ் 3.4இல் வந்தது. இன்டர்கனெக்ட் 2019 மே மாதம் 5.1இல்தான் வந்தது. இடைப்பட்ட ஏழு வருடத்தில் ஆளாளுக்கு ஒரு வழி. குவால்காமின் சொந்தக் கர்னலில் எம்எஸ்எம் பஸ் என்று தனி ஏற்பாடு இருந்தது. சாம்சங்கின் எக்ஸினாஸ் சிப்புகள் பக்கம், வேகத்தை ஏற்றி இறக்கும் டெவ்ஃபிரீக் என்ற ஏற்பாடு வழியாகப் பஸ்ஸை ஓட்டினார்கள். மெயின்லைனுக்குள் வந்த பிறகும் குழப்பம் உடனே தீரவில்லை. குவால்காமின் ஆர்.பி.எம். (மின்சாரத்தை நிர்வகிக்கும் தனிச் செயலி) வகைச் சிப்புகளில் பஸ் கிளாக்குகள் கிளாக் டிரைவரிலும் இருந்தன, இன்டர்கனெக்ட் டிரைவர் அவற்றை வாங்கி ரேட் செட் செய்துகொண்டிருந்தது. ஒரே சுவிட்சுக்கு இரண்டு கதவு. 2023இல்தான் அந்தப் பஸ் கிளாக்குகளை இன்டர்கனெக்ட் டிரைவரே நேரடியாகப் பார்த்துக்கொள்ளும்படி மாற்றினார்கள். அந்தச் சுத்தப்படுத்தலுக்குப் பிறகு யாராவது பஸ் கிளாக்கை மறுபடி கிளாக் டிரைவரில் நீட்டினால் இரண்டு வரியில்தான் பதில் வரும். அந்த இரண்டு வரியில் கோபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, களைப்புதான் தெரிகிறது.

சீரியல் லாக் ஏன் ஊமையானது

பூட் முடியும் கட்டத்தில் கர்னல், வீட்டைப் பெருக்குவது போல, ஒருமுறை சுத்தம் செய்யும். யாரும் எனேபிள் செய்யாத கிளாக், ஆனால் கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் ஓடவிட்டுப் போனது, அப்படி எதெல்லாம் இருக்கிறதோ அதையெல்லாம் அணைக்கும். உங்கள் பஸ் கிளாக்கை யாரும் தனக்கென்று கேட்கவில்லை, அதனால் அதுவும் போனது. அப்புறம் ஏதோ ஒரு டிரைவர் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் ரெஜிஸ்டரைப் படிக்கிறது. பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. சில சிப்புகளில் அபார்ட் (பிழை அறிவிப்பு) வரும், பலவற்றில் சிபியு காத்துக்கொண்டே நிற்கும். சீரியல் போர்ட்டும் அதே பஸ்ஸுக்குப் பின்னால் இருந்தால் கடைசி வாக்குமூலம்கூட வெளியே வராது.

அடுத்த முறை எந்தக் கிளாக் கொன்றது என்று பார்க்க, பூட் வரியில், கிளாக் அணையும்போதெல்லாம் அதைப் பதிவு செய்யும் கிளாக் டிசேபிள் டிரேஸ் ஈவென்ட்டையும், டிரேஸை நேராக கன்சோலில் கொட்டும் 'டிபி பிரிண்ட்கே' ஆப்ஷனையும் சேர்த்துப் போடுங்கள். கன்சோலில் கடைசியாக வந்த பெயரிலிருந்து விசாரணையைத் தொடங்கலாம். இன்னொன்று: உங்கள் திரை டிரைவர் மாட்யூலாக (கர்னலோடு சேராமல் பிறகு ஏற்றப்படும் துண்டு) இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ரூட் ஃபைல் சிஸ்டத்திலிருந்து மாட்யூல் ஏறும் முன்பே அந்தச் சுத்தம் செய்யும் வேலை முடிந்துவிடும். லோகோ வந்து சில விநாடிகளில் கறுத்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

'ஒரு வித்தியாசமும் இல்லை' என்றீர்களே

நீங்கள் இணைத்திருந்த ஆறு வரி கோடையும், யார் எவ்வளவு கேட்டிருக்கிறார்கள் என்று காட்டும் இன்டர்கனெக்ட் சம்மரியின் படத்தையும் பார்த்தேன். ஒன்றல்ல, இரண்டு தனித்தனிப் பிழைகள். இரண்டும் சேர்ந்து ஒரே மாதிரி 400ஐக் காட்டியதால் உங்களை ஏமாற்றிவிட்டன.

முதலாவது, திரை டிரைவரில் நீங்கள் கொடுத்த எண் 304128000. உங்கள் கணக்கு சரி: யூஐ லேயர் 720 பெருக்கல் 1280 பெருக்கல் 4 பைட் பெருக்கல் 60, அது 221184000. கேமரா பிரிவியூ லேயர் அதே அளவில் பிக்ஸலுக்கு ஒன்றரை பைட், 82944000. கூட்டினால் 304128000 பைட். ஆனால் இன்டர்கனெக்டிடம் கோரிக்கை வைக்கும் ஃபங்ஷன் வாங்குவது விநாடிக்குக் கிலோபைட். நீங்கள் கேட்டது 304 மெகாபைட் என்று நினைத்தீர்கள், போய்ச் சேர்ந்தது 304 கிகாபைட். 8 பைட் அகலமுள்ள உங்கள் பஸ்ஸில் அதற்கு 38 கிகாஹெர்ட்ஸ் வேண்டும். பாவம் அந்தப் புரொவைடர் டிரைவர், தன்னால் முடிந்த 400ஐக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறது. கொடுக்க வேண்டிய எண் 304128. இந்தக் குழப்பத்துக்காகவே ஹெடர் ஃபைலில் மெகாபைட், கிலோபைட், மெகாபிட் எல்லாவற்றையும் மாற்றித் தரும் மேக்ரோக்கள் உண்டு. வெறும் எண்ணை எழுதாமல் அவற்றைப் பயன்படுத்துங்கள். மெகாபிட்டையும் மெகாபைட்டையும் குழப்பி எட்டு மடங்கு தப்பு செய்தவர்களில் நானும் ஒருவன். அது இன்னும் மோசம், எட்டு மடங்கு தப்பு சட்டென்று கண்ணில் படாது.

இரண்டாவது, சம்மரியில் மற்ற நோடுகளில் (பஸ் வழியில் உள்ள சந்திப்புகள்) 2147483647 என்று இருந்ததை 'ஏதோ குப்பை எண்' என்று எழுதியிருந்தீர்கள். அது குப்பை இல்லை. 32 பிட் இன்டிஜரின் உச்சம். பூட்லோடர் திரையை ஓடவிட்டுக் கைமாற்றும்போது, எந்த டிரைவர் என்ன கேட்கப்போகிறது என்று கர்னலுக்குத் தெரியாது. எனவே புரொவைடர் வேறு எதுவும் சொல்லாதவரை எல்லா நோடையும் உச்சத்தில் பிடித்து வைக்கும். டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் பட்டியல்) அந்தப் பஸ்ஸை நம்பியிருக்கும் எல்லா டிரைவரும் வந்து சேர்ந்த பிறகு சிங்க் ஸ்டேட் என்ற அழைப்பு வரும். அப்போதுதான் பிடியை விட்டு, அவரவர் கேட்டதன் கூட்டலுக்கு இறங்கும். கல்யாண வீட்டில் கடைசி உறவினர் வந்து சேரும்வரை அடுப்பை அணைக்காமல் இருப்பது மாதிரி.

உங்கள் வீட்டில் அந்த உறவினர் வரவே போவதில்லை. டிவைஸ் ட்ரீயில் வீடியோ டீகோடர் எனேபிள் ஆகியிருக்கிறது, கர்னல் கான்ஃபிகில் அதன் டிரைவர் இல்லை. லாக்கில் 'சிங்க் ஸ்டேட் பெண்டிங்' என்று ஒரு வரியும், யாருக்காகக் காத்திருக்கிறது என்ற பெயரும் இருக்கும், தேடிப் பாருங்கள். பார்கோடு கருவிக்கு டீகோடர் வேண்டாம் என்றால் டிவைஸ் ட்ரீயில் அந்த நோடை டிசேபிள் செய்துவிடுங்கள். பிறகு சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) அந்தப் புரொவைடரின் 'ஸ்டேட் சிங்க்டு' கோப்பு 1 காட்டுகிறதா என்று பாருங்கள். 0 என்றால் இன்னும் யாரோ பாக்கி. புரொவைடர் டிரைவரில் அந்த சிங்க் ஸ்டேட் அழைப்பைக் கோத்திருக்கிறீர்களா என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

50 ஏன் போதவில்லை

இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். திரைக்கு 304128, கேமரா மெமரியில் எழுதுவது 30 ஃபிரேமில் 41472, அதை பார்கோடு மென்பொருள் திரும்பப் படிப்பது இன்னொரு 41472. மொத்தம் 387072 கிலோபைட். 50 மெகாஹெர்ட்ஸ், 8 பைட் அகலம் என்றால் 400000. தாளில் 13 மெகாபைட் மிச்சம் இருக்கிறது, அப்படியும் திரை நடுங்கியது. நீங்கள் கணக்கைக் குற்றம் சொன்னீர்கள். கணக்கு சரி, ரோடு முழுக்க வண்டி ஓட்டலாம் என்ற நினைப்புதான் தப்பு.

மெமரி கன்ட்ரோலர் அவ்வப்போது டிராமை ரிஃப்ரெஷ் செய்யும், அந்த நேரம் டேட்டா நகராது. படிப்பதிலிருந்து எழுதுவதற்குத் திரும்பும்போது சில சைக்கிள் வீண். வேறு வரிசைக்குத் தாவினால் அதற்கும் ஒரு தாமதம். ஓ.எம்.ஆரில் காலை ஒன்பது மணிக்கு மூன்று லேனும் நிரம்பியிருப்பதற்கும் வண்டி நகர்வதற்கும் சம்பந்தம் இல்லையே. தவிர, திரைக்கு ஒரு குணம் உண்டு: அதற்குச் சராசரி புரியாது. அதன் சின்ன பஃபர் ஒரு கணம் காலியானாலும் நடுங்கிவிடும். கேமரா ஒரு வரிசை பிக்ஸலைக் கொத்தாகக் கொட்டும் அந்தக் கணத்தில்தான் திரை பசியோடு நிற்கும்.

உபயோகத்தில் பாதி திறன்தான் கிடைக்கும் என்று வைத்துத் தொடங்குவது என் வழக்கம். 387072ஐ இரட்டித்து 8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 97 மெகாஹெர்ட்ஸ். உங்கள் பஸ்ஸின் படிகள் 50, 100, 200, 400 என்று எழுதியிருந்தீர்கள், எனவே 100. நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பதில் கால்வாசி. 100இலும் நடுங்கினால் திரை டிரைவரின் உச்சக் கோரிக்கையை மட்டும் உயர்த்திப் பாருங்கள், சராசரியைத் தொடாதீர்கள். 200இலும் நடுங்கினால் அது பேண்ட்விட்த் (விநாடிக்கு ஓடும் டேட்டா அளவு) பிரச்சினை இல்லை. தாமதமும் முன்னுரிமையும்தான். அதற்குப் பஸ்ஸில் யாருக்கு முன்னுரிமை என்று சொல்லும், திரைக்கான கியூஓஎஸ் அமைப்பைப் பார்க்க வேண்டும். பழைய கர்னலில் அந்த ரெஜிஸ்டர்களில் என்ன எழுதியிருந்தார்கள் என்று பார்த்து அதையே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசையும் முக்கியம். டிரைவர் விழிக்கும்போது முதலில் பேண்ட்விட்த் கேளுங்கள், பிறகு தன் கிளாக்கை எனேபிள் செய்யட்டும், அதன் பிறகே ரெஜிஸ்டரைத் தொட வேண்டும். தூங்கும்போது அப்படியே தலைகீழாக, கடைசியில் கோரிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டுப் போக வேண்டும். ரன்டைம் சஸ்பெண்டில் இந்தக் கடைசி வரியை மறப்பவர்கள்தான் அதிகம்.

மேனேஜரிடம் என்ன சொல்வது

அவரை வில்லன் ஆக்க வேண்டாம். அவர் கேட்பது தேதி. பத்து வருடத்துக்கு முன் நானும் ஒரு நிறுவனத்தில் டெமோவுக்காக எல்லாப் பஸ்ஸையும் உச்சத்தில் பூட்டிவைத்தேன். 'அப்புறம் சரிசெய்யலாம்' என்று ஒரு கமென்ட்டும் எழுதினேன். நான் வேலையை விட்டு வந்த நாளிலும் அந்தக் கமென்ட் அங்கேதான் இருந்தது.

பேட்டரியைப் பெரிதாக்குவது அவர் நினைக்கிற மாதிரி மலிவு இல்லை. கருவியின் உறை மாறும், அதற்கு மோல்டு மாறும். புது பேட்டரி என்றால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு உள்ளதாகத் தேட வேண்டும். எடை கூடும், நாள் முழுக்கக் கையில் பிடித்திருக்கும் கோடவுன் ஊழியரின் மணிக்கட்டுதான் அதற்குப் பதில் சொல்லும். சூடும் குறையாது. டைனமிக் பவர் வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். 400க்கு உயர்ந்த மின்னழுத்தம் தேவைப்படும் சிப்பாக இருந்தால் இரண்டு பக்கமும் அடி. டேட்டா ஒரு பைட்கூட ஓடாதபோதும் கிளாக் வயர் துடித்துக்கொண்டேதான் இருக்கும். பஸ் தூங்காததால் திரை அணைந்த பிறகும் சிப் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாது. உங்கள் 4 மணி நேரத்தில் பெரும்பங்கு இங்கேதான் ஒழுகுகிறது என்று நினைக்கிறேன்.

நினைப்பதை விட அளப்பது நல்லது. பேட்டரியைக் கழற்றி பெஞ்ச் சப்ளையில் இணையுங்கள். திரை அணைந்த நிலையில் கரன்ட் எவ்வளவு, பஸ் 400இல் எவ்வளவு, 100இல் எவ்வளவு, கேமரா ஓடும்போது எவ்வளவு. மொத்தம் நான்கு எண். பெஞ்ச் சப்ளை இல்லை என்றால் ரிச்சி தெருவில் ஒரு மதியம் சுற்றினால் சுமாரானது ஒன்று கிடைக்கும். அந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி மேனேஜர் மேஜையில் வையுங்கள். இன்டர்கனெக்ட் என்ற சொல்லே அந்தத் தாளில் வேண்டாம்.

தேதி மிகவும் நெருக்கினால் நடுவழி ஒன்று உண்டு. முதல் தொகுதிக் கருவிகளில் திரை டிரைவர் மட்டும் கோரிக்கை வைக்கட்டும்: திரை எரியும்போது பஸ்ஸை 200க்குக் கொண்டுவரும் அளவு, அணைந்தால் பூஜ்யம். கேமராவுக்குத் தனிக் கணக்கு அடுத்த அப்டேட்டில் வரட்டும். கொஞ்சம் வீண்தான், ஆனால் திரை அணைந்தால் தூங்கும். இதைச் செய்யும்போது கேமரா, திரை இல்லாமல் தனியாக ஓடும் சந்தர்ப்பம் உங்கள் மென்பொருளில் உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் இந்த நடுவழி ஆகாது, படம் கிழியும். கிரிட்டிகல் ஃபிளாக்கோடு மட்டும் அனுப்பாதீர்கள். இறங்காத மோட்டாரை அப்டேட்டில் இறக்கும்போது புதிதாக உறைதல்கள் கிளம்பும், அப்போது கருவி உங்கள் மேஜையில் இருக்காது, ஸ்ரீபெரும்புதூர் கோடவுனில் இருக்கும்.

கோடு யாருடையது

நான் வக்கீல் இல்லை, இந்த வேலையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன். வேலை ஒப்பந்தத்தில் இருக்கும்போது வேலைக்காக எழுதியதன் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நிறுவனம்தான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 17(சி) அப்படித்தான் சொல்கிறது. எனவே 'இது என் கோடு, நான் அனுப்புவேன்' என்ற உங்கள் வரி நிற்காது. பேட்சின் அடியில் நீங்கள் போடும் சைன்டு ஆஃப் பை வரி, இதைத் தர எனக்கு உரிமை இருக்கிறது என்ற உறுதிமொழி. 2004இலிருந்து கர்னலில் அந்த நடைமுறை இருக்கிறது. முதல் பேட்சை வாய்ப் பேச்சில் அனுமதி வாங்கி அனுப்பியதாகச் சொல்கிறீர்கள். இந்த முறை மேனேஜரிடமிருந்து 'அனுப்பலாம்' என்று ஒரு வரி மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேனேஜர் பக்கமும் ஒரு தவறான நினைப்பு இருக்கிறது. அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பாவிட்டால் கோடு உள்ளேயே இருக்கும் என்று நினைக்கிறார். கர்னல், ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் உள்ளது. கருவியை விற்றால், அதில் ஓடும் கர்னலின் சோர்ஸை, நீங்கள் செய்த மாற்றங்கள் உட்பட, வாங்கியவருக்குக் கொடுக்கக் கடமை உண்டு. ஒளித்துவைக்க முடியாத ஒன்றை, நான்கு பேர் திருத்தித் தரும்படி முன்கூட்டியே கொடுப்பதில் நஷ்டம் என்ன என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பார்கோடு படிக்கும் உங்கள் ஆப் வேறு சமாச்சாரம், அது கர்னலுக்கு வெளியே தனி புரோகிராமாக ஓடுகிறது. இரண்டையும் பிரித்துச் சொன்னால் பாதி பயம் போய்விடும்.

அந்த இரண்டு வரிக்குப் பதில்

வேலையை விட்டுவிடலாமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். பஸ் கிளாக்குக்காக வேண்டாம்.

ஐந்து வாரம் ஒன்றும் தாமதமில்லை. மெயின்டெய்னர்கள் நாள் எண்ணிக்கொண்டிருப்பதில்லை, அவர்களுக்கு உங்கள் முகமும் தெரியாது. நீண்ட மன்னிப்பு வேண்டாம். 'பஸ் கிளாக்குகளைக் கிளாக் டிரைவரிலிருந்து எடுத்துவிட்டேன், இன்டர்கனெக்ட் புரொவைடர் எழுதியிருக்கிறேன், திரை டிரைவர் பேண்ட்விட்த் கேட்கிறது, அளந்த கரன்ட் இது' என்று நான்கு வரி போதும். டிவைஸ் ட்ரீ பைண்டிங் (அந்தப் பட்டியலில் எப்படி எழுத வேண்டும் என்ற விதி) தனிப் பேட்ச், புரொவைடர் தனிப் பேட்ச், திரை டிரைவர் மாற்றம் தனிப் பேட்ச், கிளாக் டிரைவரிலிருந்து நீக்குவது கடைசிப் பேட்ச். நீக்குவதை முன்னால் வைத்தால், எந்த மாற்றத்தில் பிழை வந்தது என்று நடுவில் நிறுத்திப் பார்த்து பைசெக்ட் செய்பவரின் போர்டு உங்கள் போர்டு போலவே ஊமையாகும். ஒவ்வொரு பேட்சாக ஏற்றி, ஒவ்வொன்றோடும் ஒருமுறை பூட் செய்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். தலைப்பில் வி2 என்று போட்டு, முதல் பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை மூன்று சிறு கோடுகள் (---) உள்ள வரிக்குக் கீழே எழுதுங்கள்.

டீகோடர் நோடை டிசேபிள் செய்த பிறகும் அந்த 2147483647 எந்த நோடிலாவது ஒட்டிக்கொண்டிருந்தால், சம்மரியை முழுதாக அனுப்பிவையுங்கள். போன முறை படத்தின் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டிருந்தது.